கருவியைப் பிடித்திருக்கும் கைகள்

ஆண்டுக்கொரு முறை, அரை மணி நேரம், தைபே நகரம் அடங்கிப்போகும். அபாயச் சங்கு ஊதியதும் வண்டிகள் ஓரங்கட்டும், நடந்துகொண்டிருப்பவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குள் ஒதுங்குவார்கள், தெரு காலியாகிவிடும். வான்வழித் தாக்குதல் வந்தால் என்ன செய்வது என்பதற்கான இந்த ஒத்திகை 1978 முதல் தைவானில் நடக்கிறது. 2018இல் தைவான் கலைஞர் யுவான் குவாங்-மிங் அந்த அரை மணி நேரத்துக்குள் தலைநகரின் சாலைகள்மேல் ட்ரோன்களைப் பறக்கவிட்டுப் படம் எடுத்தார். 'அன்றாட ஒத்திகை' என்ற அந்தப் படம் ஆறு நிமிடம்கூட ஓடாது. பட்டப்பகல், அகலமான சாலைகள், மேம்பாலங்கள், ஆனால் ஆள் நடமாட்டமே இல்லை. கேமரா ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், நேர்கோட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

இதன் பலத்தை அறிய யுவானின் பழைய வேலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2002இல் அவர் தைபேயின் கூட்டம் நெரியும் கடைவீதியான சிமென்டிங்கை நூற்றுக்கணக்கான புகைப்படங்களாக எடுத்து, அவற்றிலிருந்த மனிதர்களையும் வாகனங்களையும் கணினியில் நீக்கி, ஆளற்ற நகரம் ஒன்றை உண்டாக்கினார். பதினாறு ஆண்டுகள் கழித்து அதே காட்சியை அரசே அவருக்குச் செய்து கொடுத்துவிட்டது. 'அன்றாட ஒத்திகை'யில் கணினி ஜாலம் எதுவும் இல்லை. ஒரு சங்கொலியால் ஒரு தலைநகரத்தையே துடைத்து வைக்க முடிகிறது என்ற உண்மை மட்டும் இருக்கிறது. அதிகாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் இவ்வளவு தெளிவு கிடைக்காது.

ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்த நகரத்தில் தங்குதடையின்றி நகர்வது கேமரா மட்டும்தான். கட்டடங்களுக்குள் ஒதுங்கியவர்கள் என்ன நினைக்கிறார்கள், நாற்பதாண்டுப் பழக்கத்தில் சலித்துப்போனார்களா, இன்னும் பயப்படுகிறார்களா என்று படம் கேட்கவில்லை. ஒத்திகைக்கு மனிதர்கள் தெருவிலிருந்து அப்புறப்படுத்த வேண்டிய உடல்கள். படத்துக்கும் ஏறக்குறைய அப்படித்தான். போதாததற்கு, வெறுமை அவ்வளவு அழகாக இருக்கிறது. அரசின் பார்வையைக் காட்டப் போன கலைஞர், அந்தப் பார்வையின் சுகத்தை நமக்கும் கொடுத்துவிடுகிறார்.

தைவானின் புதிய ஊடகக் கலையைப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தில் வந்து நிற்கும் கேள்வி இதனால்தான் வருகிறது. கருவி யார் கையில் இருக்கிறது? 1895 முதல் 1945 வரை ஜப்பானியக் குடியேற்ற ஆட்சி, 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம் என்று வாழ்ந்த தீவு அது. கேமரா அங்கே நீண்ட காலம் ஆள்பவர்களின் கண்ணாகவும் அவர்களின் பிரச்சாரப் படங்களைச் செய்யும் எந்திரமாகவும் இருந்தது. இன்று அந்நாட்டுக் கலைஞர்கள் அதே வகைக் கருவிகளை, இன்னும் கூர்மையானவற்றையும் சேர்த்து, வரலாற்றின் பக்கம் திருப்புகிறார்கள். திருப்பினால் மட்டும் போதுமா என்பதுதான் வழக்கு.

1960இல் பிறந்த சென் சியே-ஜென்னிடம் இதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. அவர் ராணுவச் சட்டத்தின் பிள்ளை. 1983இல், அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே, இதே சிமென்டிங் தெருவில் முகம் மறைத்த சிலரை வரிசையாக நடக்கவைத்து நிகழ்கலை செய்தவர். அவரை உலகம் அறியச் செய்தது 2002இல் வந்த 'லிங்சி'. சீனப் பேரரசின் கடைசி ஆண்டுகளில், உடலைத் துண்டு துண்டாக அறுத்துக் கொல்லும் லிங்சி என்ற தண்டனையைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் புகைப்படம் எடுத்திருந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பதாய் தன் நூலில் அதை வெளியிட்டுப் பெயர்பெறச் செய்தார். சென் அந்தக் காட்சியைக் கறுப்பு வெள்ளையில், மூன்று திரைகளில் மீண்டும் நிகழ்த்தினார். கூடி நிற்பவர்களாக நடித்தவர்கள் வேலையிழந்த தொழிலாளர்கள். கேமரா இறப்பவனின் மார்புக் காயத்துக்குள் நுழைகிறது. உள்ளே ஐரோப்பியப் படைகள் எரித்த பெய்ஜிங் கோடைகால அரண்மனையின் இடிபாடு, மனிதர்கள்மேல் சோதனை நடத்திய ஜப்பானியப் படைப்பிரிவின் ஹார்பின் கட்டடம், தைவானின் அரசியல் கைதிகள் அடைபட்டிருந்த பச்சைத் தீவு, கைவிடப்பட்ட ஆலை என்று வரிசையாக வருகின்றன.

துணிச்சலான கற்பனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தும் இந்தப் படைப்பைப் பலரும் கொண்டாடும் அளவுக்கு என்னால் கொண்டாட முடியவில்லை. நான்கு விதமான வன்முறைகளை ஒரே உடலுக்குள் அடைக்கும்போது எதற்கும் அதனதன் முகம் இல்லாமல் போகிறது. அரண்மனையை எரித்த படைக்கும் ஆலையை மூடிய முதலாளிக்கும் கணக்கு வேறு, காரணம் வேறு. அதைவிட முக்கியமாக, வேலையிழந்தவர்கள் இங்கே இன்னொருவனின் வேதனைக்குச் சாட்சியாக நிறுத்தப்படுகிறார்கள். அவர்கள் வேதனை காயத்துக்குள் தெரியும் ஒரு கட்டடமாகச் சுருங்குகிறது.

அடுத்த ஆண்டே சென் இதற்குத் தானே பதில் எழுதியதுபோல 'தொழிற்சாலை' வந்தது. தாவ்யுவானில் இருந்த லியன் ஃபூ ஆயத்த ஆடை ஆலை 1996இல் மூடப்பட்டது. இருபது ஆண்டுக்குமேல் அங்கே தைத்த பெண்களுக்குப் பணிமுடிவுத் தொகையும் ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. அவர்கள் ரயில் தண்டவாளத்தில் படுத்துப் போராடினார்கள். ஏழாண்டு பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்துக்குள் சென் அவர்களையே திரும்ப அழைத்துப் போனார். உள்ளே நாற்காலிகள், தையல் எந்திரங்கள், பழைய நாள்காட்டி, செய்தித்தாள் என்று எல்லாம் தூசி படிந்து கிடந்தன. படத்தில் ஒலியே இல்லை. ஒரு பெண் எந்திரத்தின்முன் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறாள். நூல் காதுக்குள் போகவில்லை. மறுபடி நுனியைச் சரிசெய்து கொண்டுபோகிறாள், மறுபடி விலகுகிறது. கேமரா அவசரப்படவில்லை, விலகவும் இல்லை. ஒரு காலத்தில் யோசிக்காமல் செய்த வேலை இன்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஏற்றுமதிப் பொருளாதாரம் ஒரு உடம்பிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை அந்தச் சில கணங்கள் சொல்லிவிடுகின்றன. இடையிடையே 1960களின் அரசுச் செய்திப்படங்களிலிருந்து ஆலைகளின் காட்சிகள் வருகின்றன. அன்று படம் பிடித்த கண்ணும் இன்று படம் பிடிக்கும் கண்ணும் ஒன்றல்ல என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது அந்தப் பெண்ணின் விரல்.

ஒலியின்மை குறையா என்று கேட்கலாம். போராடியபோது ஒலிபெருக்கி பிடித்துப் பேசிய பெண்கள் படத்தில் ஏன் வாய் திறக்கவில்லை? நியாயமான கேள்விதான். இவர்கள் கதை இதற்குப் பிறகும் நீண்டது. ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்த தொழிலாளர்களை அமைதிப்படுத்த அரசு கடனாகக் கொடுத்த தொகையைத் திருப்பிக் கேட்டு, 2012இல் அரசே அவர்கள்மேல் வழக்குத் தொடர்ந்தது. அவர்கள் மறுபடி தண்டவாளத்தில் இறங்கினார்கள். 2014இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அந்த வெற்றியைப் பெற்றுத் தந்தது பேச்சும் கூச்சலும் உடம்பும்தான், மௌனம் அல்ல. ஆகவே 'தொழிற்சாலை'யின் மௌனத்தைக் கண்ணியம் என்று மட்டும் படிப்பது போதாது. கண்காட்சி அரங்குக்கு வாகான மௌனமும் அது. சென் இதை உணர்ந்தே இருந்தார் என்று நினைக்கிறேன். ஜப்பானியர் 1930இல் தொடங்கிய லோஷெங் தொழுநோய் இல்லத்தைப் பற்றிய 2014ஆம் ஆண்டுப் படைப்பை, மெட்ரோ ரயில் பணிமனைக்காகப் பெரும்பகுதி இடிக்கப்பட்ட அந்த வளாகத்துக்கே கொண்டுபோய்த் திரையிட்டார். யாரைப் பற்றிய படமோ அவர்கள் பார்வையாளர்களாகவும் ஆனார்கள். பியன்னாலே என்னும் சர்வதேசக் கலைக் கண்காட்சிகளில் கிடைக்கும் கைதட்டலைவிட இது பெரிய காரியம்.

கருவியைக் கைமாற்றிக் கொடுப்பதில் இவரையும் தாண்டிப் போனவர் 1983இல் பிறந்த சூ சியா-வெய். மாட்சு தீவுகள் சீனக் கரைக்கு அருகே இருக்கின்றன, ஆள்வது தைவான். அங்கே தவளை வடிவில் ஒரு சாமி உண்டு, இரும்புக் கவசத் தளபதி என்று பெயர். சீனப் பெருநிலத்தில் வூயி மலைப்பகுதியில் அவருக்கிருந்த கோயில் கலாச்சாரப் புரட்சியின்போது அழிக்கப்பட்டது. தீவில் அவருக்கிருந்த இடத்திலோ தைவானை ஆண்ட சியாங் கை-ஷேக்கின் ராணுவம் பதுங்கு அரண் கட்டியது. பனிப்போரின் இரு தரப்பும் சேர்ந்து வீடிழக்கச் செய்த சாமி. ஊர்க்காரர்கள் அவரிடம் குறி கேட்கும் முறை தனி. சிறிய மர நாற்காலி ஒன்றைச் சிலர் சேர்ந்து பிடித்துக்கொள்வார்கள். அருள் இறங்கினால் நாற்காலி அதிரும், ஆடும், மேசைமேல் தட்டிக் கோடு இழுக்கும். அந்தக் கோடுகளை எழுத்தாக வாசித்துச் சொல்ல ஆள் உண்டு. அந்தச் சாமியைப் படம் எடுக்கச் சூ அனுமதி கேட்டதும் சாமியிடம்தான்.

2016இல் செய்த 'அருள் எழுத்து' என்ற படைப்பில் அவர் அந்த நாற்காலியையும் அதைப் பிடிப்பவர்களையும் ஒரு படப்பிடிப்புக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். நாற்காலியின் அசைவு மோஷன் கேப்சர் முறையில் பதிவானது. சினிமாவில் நடிகரின் கை கால் அசைவைக் கணினிக்குள் ஏற்றும் அதே முறை. பிறகு சாமியிடமே கேட்டார்: உங்கள் பழைய கோயில் எப்படி இருந்தது? கிடைத்த பதில்களைக் கொண்டு இடிந்துபோன கோயில் கணினிக்குள் முப்பரிமாணத்தில் எழுந்தது. ஒரு பக்கம் வியர்வையோடு நாற்காலியைப் பிடித்துத் திணறும் மனிதர்கள், மறுபக்கம் இருட்டில் மிதக்கும் எண்ணிம உருவங்கள்.

இதில் என்னைக் கவர்வது விநோதம் அல்ல. ஆவணக் காப்பகம் இல்லாத இடத்தில் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள் என்று தேடி, ஊர் யாரை நம்புகிறதோ அவரிடமே போய்க் கேட்ட மரியாதை. நம்பிக்கையை ஏளனம் செய்யவும் இல்லை, பக்திப் படம் எடுக்கவும் இல்லை. எந்திரத்துக்கு அந்த அதிர்வு வெறும் தரவு. ஊருக்கு அது சொல். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று திணிக்காமல் அருகருகே வைத்ததில் சூவின் நிதானம் தெரிகிறது.

ஆனால் சூவின் வழி இப்போது வாய்பாடாகிக்கொண்டு வருகிறது. பனிப்போர் அல்லது காலனியக் காலத்தின் மறந்துபோன ஒரு மூலை, ஒரு விலங்கு, ஒரு புதிய கருவி. தவளைக்குப் பிறகு வௌவால், வௌவாலுக்குப் பிறகு மலாய்த் தாபிர். ஒவ்வொன்றிலும் உழைப்பு இருக்கிறது, ஆனால் அடுத்தது என்ன வரும் என்று ஊகிக்க முடிகிறது. இன்னொன்று, சுவரில் ஒட்டிய விளக்கக் குறிப்பை எடுத்துவிட்டால் இவற்றில் எவ்வளவு மிஞ்சும்? 'தொழிற்சாலை'க்குக் குறிப்பு தேவையில்லை, ஊசியும் நூலும் போதும். 'அருள் எழுத்து'க்கு ஒரு பக்கக் குறிப்பு இல்லாவிட்டால் நாற்காலியை ஆட்டும் சிலர்தான் தெரிவார்கள். இந்தக் கலைவகை முழுவதையும் பிடித்திருக்கும் நோய் இது: ஆய்வு ஆழமாக இருக்கிறது, அது காட்சிக்குள் கரையாமல் சுவரிலேயே தங்கிவிடுகிறது.

இந்தக் கலைஞர்களில் வெளிநாட்டில் அதிகம் பேசப்பட்டவர் ஷு லீ சாங். 2019 வெனிஸ் பியன்னாலேயில், பழைய சிறைச்சாலையான பலாத்சோ தெல்லே பிரிஜியோனியில் அவர் அமைத்த '3x3x6' ஒன்பது சதுர மீட்டர் சிறையறையையும் அதை இடைவிடாமல் பார்க்கும் ஆறு கேமராக்களையும் தலைப்பாகக் கொண்டது. காஸனோவா, மார்க்கி து சாத் முதல் இன்றைய கைதிகள் வரை, பாலியல் காரணமாகச் சிறைப்பட்டவர்களின் பத்துக் கதைகள். கூடவே பார்வையாளரின் முகத்தையும் உள்வாங்கும் கண்காணிப்பு அமைப்பு. தைவான் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய அதே மாதம் இது திறந்தது, அந்தப் பெருமிதமும் துணிவும் அதில் இருந்தன. எனினும் விரும்பி முகம் கொடுக்கும் விருந்தாளிக்குக் கண்காணிப்பு ஒரு விளையாட்டு. விரும்பினால் வெளியே போய்விடலாம். கைதிக்கு அந்த வாசல் கிடையாது. இந்த வேறுபாட்டைப் படைப்பு கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டது.

நான் சொன்ன எல்லாவற்றிலும் பெரிய குறை என்று எனக்குப் படுவது வேறு. சூவின் வௌவால் படைப்பு, 2017இல் வந்தது, சின்ச்சு நகரில் எடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஜப்பானியக் கடற்படைக்கு எரிபொருள் செய்ய அங்கே ஓர் ஆலை இருந்தது. இன்று அதன் பெரிய புகைபோக்கியில் வௌவால்கள் குடியிருக்கின்றன. ட்ரோன் அந்த இடிபாடுகளுக்குள் பறக்கிறது, அங்கே வேலை செய்த ஜப்பானியர்களின் நினைவுகள் கேட்கின்றன. அற்புதமான வேலை. ஆனால் சின்ச்சு என்றால் உலகத்துக்கு இன்று நினைவு வருவது சிப் ஆலைகள். 1980இல் அங்கே அறிவியல் பூங்கா தொடங்கியது, 1987இல் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி பிறந்தது. அந்தத் தொழிலுக்கு விதை 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடமிருந்து வாங்கிய தொழில்நுட்பம். அதே ஆர்சிஏ தாவ்யுவானில் 1970 முதல் 1992 வரை நடத்திய ஆலையின் கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்தன. புற்றுநோய் கண்ட முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள், 2018இல்தான் உச்ச நீதிமன்றம் வரை போய் அவர்களில் ஒரு பகுதியினருக்கு இழப்பீடு உறுதியானது.

இந்தக் கலைஞர்கள் பிடித்திருக்கும் ட்ரோன், ஸ்கேனர், கணினி அத்தனைக்கும் உள்ளே இருக்கும் சில்லுகளின் கதை இது. தொழில்நுட்பத்தையும் வரலாற்றையும் அதிகாரத்தையும் பேசும் ஒரு கலை, தன் கருவி எந்த மண்ணில், யார் கையால், எந்தத் தண்ணீரைக் கெடுத்துச் செய்யப்பட்டது என்று கேட்டிருக்க வேண்டும். சென் ஆலைகளின் பக்கம் போனவர், ஆனால் அவர் போனது பெரும்பாலும் மூடிய ஆலைகளுக்கு. மற்றவர்களின் கேமரா, கண்ணுக்குத் தெரியும் அதிகாரத்தையே நாடுகிறது: சங்கு, கண்காணிப்புக் கண், பதுங்கு அரண். இடிபாட்டில் படம் எடுப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் உள்ளே நுழைவது கடினம், அங்கே தாய்நாட்டின் பெருமையும் பாதுகாப்பும் காவல் நிற்கின்றன. ஆனால் தவளைச் சாமியிடம் கேட்டுப் பதில் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, சின்ச்சுவில் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணிடமும், பிலிப்பைன்ஸிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்து மின்னணு ஆலைகளில் வேலை செய்பவர்களிடமும் கேமராவைக் கொடுத்து, நீங்களே எடுங்கள் என்று சொல்வது முடியாத காரியமல்ல. அந்தப் படத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.