இல்லாத சொல்லும் ஏற்றிய பழியும்

பிறர் நூலைச் சான்றாகக் காட்டுவார் அந்நூலின் மூலபாடத்தை முதற்கண் தெளிதல் வேண்டும். இது தவறியதற்குக் கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன் சிறந்ததோர் எடுத்துக்காட்டாவர். இவர் சமாரியாவிற் பிறந்து, ஏறத்தாழக் கி. பி. 165-இல் உரோமையிற் கொலையுண்டவர். டிரைபோ என்னும் யூதரோடு வாதித்ததாக இவர் கிரேக்கத்தில் ஒரு நூல் இயற்றினர். யூதரது 96-ஆம் சங்கீதத்தின் 10-ஆம் வசனம் இறைவனது ஆட்சியைக் கூறுவது. அவ்விடத்து ‘மரத்தினின்று’ என்னுஞ் சொல் இருந்ததென்றும், அது சிலுவையைச் சுட்டுதலின் யூதத் தலைவர் அதனை நீக்கிவிட்டனரென்றும் அந்நூலில் இவர் பழி கூறினர்.

உண்மை யாதெனின், அச்சொல் எபிரேய மூலத்தில் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் தலைமையான ஏடுகளிலும் இல்லை. தெர்த்துல்லியன் முதலிய இலத்தீன் ஆசிரியர் அதனை எடுத்தாள்வர். ஆகவே, அது யூதர் களைந்த சொல்லன்று. சிலுவையை உளங்கொண்ட கிறிஸ்தவர் சேர்த்த இடைச்செருகல் என்பதே ஆராய்ச்சியாளர் துணிபு.

யுஸ்தீன் அறிந்தே பொய்யுரைத்தார் என்றல் பொருந்தாது. தமக்குக் கிடைத்த பாடத்தையே மூலமென நம்பினர் போலும். ஆயினும், ஒப்புநோக்காத நம்பிக்கை பிறர்மேற் பழியாய் விளைந்தது. அப்பழி நம்பத்தக்கதன்று என டிரைபோ மறுத்ததையும் மறையாது எழுதிவைத்தமை யுஸ்தீனது நேர்மை. அம்மறுப்பினை நின்று ஆராயாமை அவரது குறை.