மறைநூலும் போர்ச்சேவகனும்: நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ குறித்து

ஆயுதந் தாங்கி அரசுக்கு ஊழியஞ் செய்வோனை மறைநூல் எவ்வாறு நோக்குகின்றது என்னும் வினா பெரும்பாலும் இறையியலாளரின் விசாரணைக்கே விடப்பட்டு வந்துள்ளது. அவ்வினா ஈழத்துக் கவிதையில் கூர்மையுற்ற இடமொன்று உண்டு. கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான் 1981இல் எழுதிய ‘புத்தரின் படுகொலை’யே அது. முஸ்லிம் சமூகத்திலே தோன்றிய மார்க்சியக் கவிஞர் ஒருவர் பௌத்த நூல்களை முன்னிறுத்தி எழுதிய இக்கவிதையை, கிறிஸ்தவ மரபினுள் நெடுங்காலம் நிகழ்ந்த விவாதமொன்றின் துணைகொண்டு ஈண்டு நோக்குகின்றோம். பள்ளிவாசலும் கோவிலும் வெஸ்லி உயர்தரப் பாடசாலையும் ஒரே நகரிற் கொண்ட கல்முனையாருக்கு இவ்வொப்பீடு வலிந்ததாகத் தோன்றாது.

லூக்கா சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் போர்ச்சேவகர் சிலர் யோவான் ஸ்நானகனிடம் வந்து, தாம் செய்யவேண்டுவது யாதெனக் கேட்கின்றனர். ஆயுதத்தைக் கைவிடுமாறு அவன் கூறவில்லை. எவரையும் மிரட்டிப் பொருள் பறித்தலாகாது, பொய்க்குற்றஞ் சுமத்தலாகாது, கிடைக்குஞ் சம்பளத்தோடு அமைதல் வேண்டும் என்பனவே அவன் விதித்தவை. சமாதானவாதிகளுக்குச் சங்கடந் தரும் இப்பகுதி, படைத்தொழிலை நியாயப்படுத்துவோருக்கு உவப்பானது. ஆயின் இங்குப் படைவீரன் கூலி பெறுபவனாகவே காணப்படுகின்றான் என்பதை இருசாராரும் போதியளவு அழுத்துவதில்லை. சற்று முன்னர் அதே வினாவோடு வந்தோர் ஆயக்காரர் என்பதும் தற்செயலன்று. பேரரசின் சுரண்டல் குடியானவனைத் தொடும் இரு கரங்கள் இவர்களே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இடம்பெறும் ‘சேவகர்’, ‘சம்பளம்’ ஆகிய சொற்கள், மொழிபெயர்த்தோர் கருதினரோ இலரோ, இவ்வுறவை நன்கு துலக்குகின்றன.

வாளை உறையிலிடுமாறு பேதுருவுக்கு இயேசு இட்ட கட்டளையைப் பற்றிநின்றோரும் உளர். வட ஆபிரிக்காவின் தெபெஸ்தா நகரில் 295இல் படையிற் சேர மறுத்த மாக்சிமிலியான் என்னும் இளைஞன் தலை வெட்டப்பட்டான். இருபது ஆண்டுகள் கழியுமுன், கொன்ஸ்தந்தீன் மன்னனின் ஆதரவோடு 314இல் கூடிய ஆர்ள் சங்கம், சமாதான காலத்தில் ஆயுதத்தை எறிவோரை நற்கருணையிலிருந்து விலக்கியது. சுவிசேஷத்தில் ஓரெழுத்தும் மாறாமலே இம்மாற்றம் நிகழ்ந்தது. பௌத்தமும் இதற்கு விலக்கன்று. கொல்லும் எண்ணத்தோடு போரில் மடிவோனுக்கு நரகமே கதி என்பது சங்யுத்த நிகாயத்தின் நிலைப்பாடு. மகாவம்சத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்திலோ, போரில் வீழ்ந்தோருள் மனிதராகக் கொள்ளத்தக்கோர் ஒன்றரைப் பேர் மட்டுமே என அரகந்தர்கள் துட்டகைமுனுவைத் தேற்றுகின்றனர்.

இப்பின்னணியிலேயே கவிதையின் சிறப்புப் புலனாகின்றது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் பொலிஸாரால் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அமைச்சர் இருவர் அப்போது அந்நகரிலே தங்கியிருந்தனர். கவிதை இதனைக் கனவாக்குகின்றது. சிவில் உடையிலுள்ள காவலர் நூலகப் படியருகே புத்தரைச் சுடுகின்றனர். கொல்லப்படவேண்டியோர் பட்டியலில் அவர் பெயர் இல்லையே என அமைச்சர்கள் சினக்கின்றனர். அவர் உயிரோடிருக்கும்வரை சிற்றுயிர் ஒன்றையேனுஞ் சுடத் தம்மால் இயலவில்லை என்பது காவலரின் மறுமொழி. இக்கவிதையைக் கருணைக்கு நேர்ந்த துரோகம் பற்றிய புலம்பலாக மட்டும் வாசிப்பது போதாதென்பது எமது கருத்து. துப்பாக்கியின் இயக்கத்துக்கு நடைமுறைத் தடையாக மறைநூல் இங்கு நிற்கின்றது. தடையை நீக்கியோர் அதனைத் தொழிற்றேவையாகவே விளக்குகின்றனர். அமைச்சர்களோ பிணத்தை மறைக்கப் பணித்து அகல்கின்றனர். புத்தரின் பெயரால் ஆள்வோருக்கு உயிருள்ள புத்தரும் வேண்டாம், அவர் கொல்லப்பட்ட செய்தியும் வேண்டாம்.

புத்தரின் உடல் எரிவதற்குத் தீ மூட்டப்படும் நூலாகச் சிகாலோவாத சூத்திரத்தைக் கவிஞர் தெரிந்தெடுத்தமை நுட்பமானது. துறவிக்குரிய நூலன்று அது. பெற்றோரும் பிள்ளைகளும், ஆசிரியரும் மாணவரும், எசமானரும் ஏவலரும் ஒருவருக்கொருவர் ஆற்றவேண்டிய கடமைகளை இல்லறத்தானுக்கு உரைப்பது. ஏவலனின் கூலியும் ஓய்வும் அதிற் பேசப்படுகின்றன. நூலகத்தோடு எரிவது சமூக வாழ்வின் ஒப்பந்தமே என்பதை, விளக்கவுரை ஏதுமின்றி, ஒரு நூற்பெயரால் உணர்த்திவிடுகின்றார்.

ஆயினும் கவிதையின் எல்லையையுஞ் சுட்டவேண்டும். அதன் துப்பாக்கி அரசினுடையது மட்டுமே. 1981இல் அது இயல்பே. 1990 ஜூனில் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். நகரை மீளக் கைப்பற்றிய இராணுவம் தமிழ்ப் பொதுமக்களைக் கொன்றது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளின் துப்பாக்கிக்கு இரையாயினர். விடுதலையின் பெயராற் சுட்டோரை விமர்சிக்க முற்போக்குத் திறனாய்வாளர் பலர் தயங்கினர். அத்தயக்கம் மார்க்சியத்தின்பாற் பட்டதன்று.

யோவானிடம் வந்த சேவகருக்குச் சீருடையும் சம்பளமும் இருந்தமையால் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து விதி வகுக்க முடிந்தது. நுஃமானின் காவலர் அச்சீருடையைக் களைந்துவிட்டனர். சம்பளமே இல்லாத ஆயுதக்குழுக்களோ முஸ்லிம் வணிகரிடமும் விவசாயிகளிடமும் கப்பம் பெற்றன.