பிறனும் அடுத்திருப்பவரும்
நாள்தோறும் நற்செய்திச் சிந்தனை: ஓர் இலக்கிய நோக்கு

சமயங்கள் பலவும் தமிழின் மடியில் வளர்ந்தவை, தமிழையும் வளர்த்தவை. சைவத்துக்குத் தேவாரமும், வைணவத்துக்குத் திருவாய்மொழியும், சமணத்துக்குச் சீவக சிந்தாமணியும், பௌத்தத்துக்கு மணிமேகலையும், இசுலாத்துக்குச் சீறாப்புராணமும் வாய்த்தாற்போலக் கிறித்தவத்துக்குத் தேம்பாவணி வாய்த்தது. வீரமாமுனிவரின் அக்காப்பியத்தையும், எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் பற்றி ஆய்வுரைகள் பல எழுந்துள்ளன. ஆயினும், கிறித்தவத் தமிழர் இல்லங்களில் நாள்தோறும் வாசிக்கப்பெறும் ஓர் உரைநடை வகையைத் திறனாய்வாளர் பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அன்றைய நற்செய்திப் பகுதி, அதன்மேல் ஒரு சிறு சிந்தனை, முடிவில் ஒரு மன்றாட்டு என மூன்றும் ஒரே பக்கத்துள் அடங்கும் சிற்றிலக்கியம் அது. காப்பியங்களை விழா மேடையில் போற்றுகிறோம். இப்பக்கங்களையோ மக்கள் ஆண்டு முழுதும் படிக்கின்றனர். ஆதலின் இவற்றின் தமிழ் எத்தகையது, இவை வாசகனை எங்குக் கொண்டு செலுத்துகின்றன என்று வினவுவது தகும்.

நானூறு ஆண்டு மரபு

இவ்வகை நேற்று முளைத்ததன்று. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 16 பக்கங்களாக அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' செபங்களையும் மறைக்கல்வியையும் தமிழில் தந்தது. அதனை ஆக்கிய அன்றீக்கே அடிகளார், 1586-இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலையும் அச்சிட்டார். திருச்சபையின் திருநாள்களைத் தழுவி அடியார் வாழ்க்கைகளை உரைநடையில் கூறும் நூல் அது. இன்ன நாளுக்கு இன்ன வாசிப்பு என்னும் முறை தமிழ் அச்சுக்கு வந்த தொடக்கத்தை அங்கே காணலாம்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சில ஆண்டுகளிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். மறைநூலைக் குருமார் மட்டுமன்றி ஒவ்வொரு வீட்டாரும் தம் மொழியில் வாசிக்கவேண்டும் என்பது அவர் சார்ந்த செருமானிய இயக்கத்தின் கொள்கை. குடும்ப செபம் என்னும் வழக்கம் நம் சீர்திருத்தச் சபையார் இல்லங்களில் வேரூன்றியமைக்கு இதுவே அடிப்படை.

கத்தோலிக்கர் இடத்தே மாற்றம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தால் வந்தது. 1963-இல் அச்சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம் தாய்மொழி வழிபாட்டுக்கு வாயில் திறந்தது. 1969-இல் புதிய வாசக முறை வகுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சி. பொதுக்காலத்து வாரநாள்களில் முதல் ஒன்பது வாரம் மாற்கும், பத்தாம் வாரம் முதல் மத்தேயும், இருபத்திரண்டாம் வாரம் முதல் லூக்காவும் தொடர்ச்சியாக வாசிக்கப்படுகின்றன. நாள்தோறும் எழுதப்படும் சிந்தனைகளுக்கு இவ்வரிசையே முதுகெலும்பு.

இவ்வரலாற்றில் நம் பெங்களூருக்கும் பங்குண்டு. இங்கு 1910-இல் தோன்றிய ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக விளங்கிய டேனிசு அறிஞர் எல். பி. லார்சன், பின்னர்த் தமிழ் வேதாகமத் திருத்தப் பணியில் ஈடுபட்டார். தமிழரான அமலோற்பவதாசு அடிகளார் 1967-இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவமும் இந்நகரிலேயே உள்ளது.

சொல்லில் நிற்றல்

சிந்தனைப் பகுதியை எவ்வளவையால் அளப்பது? அளவுகோலைத் தேடி நாம் வெளியே செல்லவேண்டுவதில்லை. திருவாய்மொழிக்கு எழுந்த ஈட்டு உரையைப் பாருங்கள். ஒரு சொல்லின் முன் உரையாசிரியர் நின்றுவிடுவார். அச்சொல்லை ஏன் ஆண்டார், வேறொன்றை ஏன் ஆளவில்லை என்று வினவி, அதனின்றே பக்தியைச் சுரக்கச் செய்வார். நற்செய்திச் சிந்தனையும் உரை மரபின் கிளையே. எனவே, அது வாசகத்தின் சொல்லில் நிற்கிறதா என்பதே முதற்கேள்வி.

பல சிந்தனைகள் நிற்பதில்லை. வாசகத்தை ஒரு வரியில் சுருக்கிவிட்டு, எங்கோ கேட்ட அரசன் அமைச்சன் கதைக்குத் தாவுகின்றன; பின்பு பொறுமை வேண்டும், அன்பு வேண்டும் எனும் பொது அறிவுரையில் முடிகின்றன. அவ்வறிவுரையை எந்த நாளின் வாசகத்துக்கும் ஒட்டவைத்துவிடலாம். எதற்கும் பொருந்தும் உரை எதையும் விளக்காது.

ஒரு சான்று காண்போம். லூக்கா நற்செய்தியின் பத்தாம் இயலில் வரும் நல்ல சமாரியர் உவமை, பொதுக்காலத்து 27-ஆம் வாரத் திங்கட்கிழமையிலும், மூன்றாம் ஆண்டின் 15-ஆம் ஞாயிறன்றும் வாசிக்கப்படுகிறது. அன்பு செலுத்தப்பட வேண்டியவன் யார் என்று திருச்சட்ட அறிஞர் கேட்கிறார். சீர்திருத்தச் சபையார் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு அங்கே 'பிறன்' என்னும் சொல்லை ஆள்கிறது. இரு சபையாரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்கிறது.

இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. 'பிறன்' வள்ளுவர் அதிகாரத் தலைப்பிலேயே வைத்த சொல். தன்னின் வேறானவன், தனக்கு உரியவன் அல்லாதவன் என்பது அதன் பொருள். அறிஞர் கேட்ட கேள்விக்கு அது மிகப் பொருந்துகிறது. வேறானவருள் எவர்வரை என் கடமை நீளும் என்று எல்லைக்கோடு கேட்பவர் அவர். ஆனால் உவமையின் முடிவில் இயேசு கேள்வியைத் திருப்பிவிடுகிறார்: அடிபட்டுக் கிடந்தவனுக்கு மூவருள் யார் அப்படி ஆனார்? இங்கே 'பிறன்' தடுமாறுகிறது, 'அடுத்திருப்பவர்' ஒளிர்கிறது. ஏனெனில் எரிகோ சாலையில் குருவும் லேவியரும் விலகிச் சென்றனர். சமாரியரோ அருகே வந்தார், காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடிக்காரரிடம் இரு தெனாரியம் கொடுத்தார். அடுத்திருத்தல் என்பது வீட்டு முகவரியால் அமைவதன்று, நடந்து சென்று அடைவது என்று அச்சொல் தானே உரைக்கிறது. பழைய சொல் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. புதிய சொல் விடையைக் கூர்மையாக்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்துச் சிந்தித்தாலே வாசகம் முழுமையாக விளங்கும்.

இன்னொன்று. விடையளிக்கும்போது அறிஞர் 'சமாரியர்' என்னும் பெயரை வாயால் கூறவில்லை. இரக்கம் காட்டியவர் என்று சுற்றி மொழிகிறார். அயலினத்தானின் நன்மையை ஒப்புக்கொள்ளும்போதும் அவன் பெயரைச் சொல்ல நா எழவில்லை. இந்நகரத் தமிழ் வாசகனை நிறுத்திவைக்க வேண்டிய இடம் இது. 1991 டிசம்பரில் காவிரிப் பிணக்கின் பெயரால் இங்குத் தமிழர் பட்ட துயரை மூத்தோர் மறவார். அல்சூரில் அவ்வாண்டு முதல் மூடியே நின்ற வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9-இல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அத்துயரை எண்ணும் நாம், அந்நாள்களில் கதவு திறந்து காத்த கன்னட அண்டை வீட்டார் இருந்தால், அவர்தம் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? இக்கேள்வியை எழுப்பாத சிந்தனை, அவ்வுவமையைப் பாதியில் விட்டதாகும்.

மன்றாட்டின் மொழி

மூன்றாம் உறுப்பாகிய மன்றாட்டில்தான் எழுத்தாளர் பலர் இடறுகின்றனர். உடல்நலம், தேர்வில் வெற்றி, பணி உயர்வு என்று கோரிக்கைகளை எண்ணிட்டு அடுக்கினால், அது அலுவலகத்துக்கு எழுதும் மனுவாகுமேயன்றி மன்றாட்டாகாது. சிந்தனையில் எந்தச் சொல் நெஞ்சைத் தைத்ததோ, அச்சொல்லினின்றே வேண்டுதல் பிறக்கவேண்டும். சமாரியரைச் சிந்தித்தவர், விலகிச் செல்லாத கால்களை வேண்டுவதே முறை. ஒரே வேண்டுதல் போதும். குறுகிய வாக்கியம் வேண்டும். பாட்டி வாசிக்கப் பேரன் கேட்கும் பக்கமல்லவா இது? செவிக்கு இசையாத நெடுந்தொடர் நெஞ்சிலும் நில்லாது.

சொற்களைப் பற்றியும் ஒரு கருத்து. சுவிசேஷம், கிருபை, பரிசுத்த ஆவி என்பன ஒரு சாராரின் சொற்கள். நற்செய்தி, அருள், தூய ஆவி என்பன மற்றொரு சாராரின் சொற்கள். தனித்தமிழ் ஆர்வத்தால் முன்னவற்றை இகழ்தல் வேண்டா. தலைமுறைகளின் கண்ணீர் அவற்றில் ஊறியுள்ளது. ஆனால் ஒரே பக்கத்தில் இரு நடையும் குழம்பிக் கிடப்பது எழுத்தாளரின் கவனக்குறைவையே காட்டும்.

நம் இல்லங்களின் நிலை

இதனை ஒரு சமயத்தார் தம்முள் பேசவேண்டிய செய்தி என்று ஒதுக்கலாகாது. நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழை வீட்டில் செவிவழியே பெறுகின்றனர். அத்தகைய இல்லங்கள் சிலவற்றில் நாள்தோறும் உரக்க வாசிக்கப்படும் தமிழ் உரைநடை இந்த ஒரு பக்கமாகவே இருத்தல் கூடும். தாளில் வந்தாலும் கைப்பேசியில் வந்தாலும், பிள்ளையின் காதில் விழும் தமிழ் வாக்கியம் இதுவே. ஆகவே, இதனை எழுதுவோர் சமயத் தொண்டோடு மொழித் தொண்டும் ஆற்றுகின்றனர் என்பதை உணரவேண்டும்.

அவர்களிடம் நாம் வேண்டுவன சிலவே: வாசகத்தை முன்பின் தொடர்புடன் முழுதும் படியுங்கள், ஒரு சொல்லில் நில்லுங்கள், வாசகர் வாழும் தெருவை மறவாதீர்கள், வேண்டுதலைச் சுருக்குங்கள். வாசகர்களிடம் வேண்டுவது ஒன்று: எச்சமயத்தவராயினும், இப்பக்கங்களைத் தமிழாகவும் படித்து, நல்லதை நன்று என்றும் குறையைக் குறை என்றும் எழுதியவருக்குச் சொல்லுங்கள்.