வாசித்து விளக்குதல்: சட்டத்தரணியர் ஒழுக்க விதிகள் பற்றிய ஓர் ஆய்வு

திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்த வழக்கொன்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். மணக்கோலத்திலிருந்த நம்பியாரூரரைத் தம் அடிமை எனக் கூறி முதியவர் ஒருவர் ஓலையொன்றைக் காட்டினார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிபட்டது படியோலையே; மூலவோலை அவையோர் முன்னிலையில் வெளிப்பட்டது. கரணத்தான் அதனை யாவரும் கேட்க வாசித்தான். பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கப்பட்டது. அதன் பின்னரே தீர்ப்புப் பிறந்தது. இவ்வழக்கில் இரு திறத்தாருக்கும் பரிந்து பேசப் பிறர் எவரும் இலர். ஓலையின் மொழியே வழக்காளிகளின் மொழி. அவையின் மொழியும் அதுவே. ஆதலின் இடைநின்று பேசுவார் வேண்டப்பட்டிலர்.

சட்டமும் அதன் மொழியும் குடிமக்களுக்கு எட்டாத் தொலைவிற்குச் சென்ற காலத்திலேயே அவ்விடைநிலையாளர் இன்றியமையாதவராயினர். இலங்கையில் 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் அப்புக்காத்துமாரையும் பிரக்கிராசிமாரையும் தொழிலுக்கு ஏற்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு வழங்கிற்று. அவ்விரு பிரிவினரும் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தால் ஒன்றாக்கப்பட்டுச் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் பெற்றனர். அவர்தம் ஒழுக்கத்தை வரையறுக்கும் விதிகளை, அரசியலமைப்பின் 136ஆம் உறுப்புரையின்கீழ், உயர் நீதிமன்றம் 1988ஆம் ஆண்டில் ஆக்கிற்று. அவ்விதிகள் யாருடைய கண்கொண்டு ஒழுக்கத்தை நோக்குகின்றன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அவற்றின் சிறப்பை முதற்கண் கூறுதல் முறையாகும். தக்க கட்டணம் தரப்படுமிடத்து, சிறப்பான காரணமின்றி எவருடைய வழக்கையும் ஏற்க மறுத்தலாகாது என்பது அவற்றுள் தலையாய விதி. ஊரார் வெறுப்புக்கு ஆளானவனுக்கும் பேச ஒரு நா உண்டு என்பதே இதன் கருத்து. தமிழகத்திலும் இவ்வறம் சோதிக்கப்பட்டதுண்டு. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்க்கும் காவலர்க்கும் இடையே நேர்ந்த மோதலையடுத்து, குற்றஞ்சாட்டப்பட்ட காவலருக்காக எவரும் வாதாடலாகாதென வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. அத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை என 2010ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் உரைத்தது. கட்டணம் தர இயலாதோர்க்கு இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இவை யாவும் போற்றத்தக்கனவே.

எனினும் குறை ஒன்று உண்டு. இழிவானது அல்லது மானக்கேடானது என நற்பெயரும் திறமையும் வாய்ந்த சட்டத்தரணிகள் கருதத்தக்க நடத்தையை விதிகள் விலக்குகின்றன. ஈண்டு அளவுகோல் தொழிலினர் கையிலேயே உள்ளது. நெறி தவறியவரை இடைநிறுத்தவும் நீக்கவும் 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமளிக்கின்றது. அந்நீதிமன்றமோ கொழும்புப் புதுக்கடையில் உள்ளது. மேலும், அத்தண்டனை பிழை நிகழ்ந்த பின்னர் வருவது. பிழை நிகழுங் காலத்திற் கட்சிக்காரனுக்குக் காவல் யாது என்பதே வினா.

இவ்வினாவின் வலிமையைக் கண்டிச் சூழலிற் காணலாம். நகருக்கு வடகிழக்கே, வத்தேகமவுக்கு அண்மையில் உள்ள மடவளை, தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர். கண்டி மலைச்சாரல்களின் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள்ளும் தமிழர் பலர். இவர்தம் காணி வழக்கும் கடை வழக்கும் சென்றடையும் கண்டி நீதிமன்றங்களின் மொழி சிங்களம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இவர்கள் தமிழிலும் வழக்குத் தொடர இடந்தருகின்றது; நீதிமன்ற மொழியறியாதார்க்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையும் தருகின்றது. ஆயின் மொழிபெயர்ப்பாளர் நிற்பது நீதிமன்ற மண்டபத்தில். சட்டத்தரணியின் அலுவலகத்தில் அவர் இலர். வழக்கை நடத்த அதிகாரமளிக்கும் புறொக்சிப் பத்திரத்தில் ஒப்பமிடும் வேளையிலும், இணக்கத்துக்கு உடன்படுவதா என முடிவு செய்யும் வேளையிலும், மடவளை வணிகன் தான் வாசிக்க இயலாத தாளின் முன்னே தனியனாக இருக்கின்றான். ஆங்கு அவனுக்குள்ள காவல் சட்டத்தரணியின் ஒழுக்கம் ஒன்றே.

இதற்கேற்ற நெறி புதிதாகத் தேடப்படவேண்டியதன்று. இலங்கைச் சட்டத்துள்ளேயே அது கிடக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை உறுதி நொத்தாரிசு ஒருவர் முன்னும் சாட்சிகள் இருவர் முன்னும் ஒப்பமிடப்படல் வேண்டும். வாசிக்க இயலாதவன் ஒப்பமிடுமிடத்து, உறுதியை அவனுக்கு வாசித்து விளக்குதல் நொத்தாரிசின் கடமை. திருவெண்ணெய்நல்லூர்க் கரணத்தான் செய்ததும் இதன் பாற்பட்டதே. ஒரு காணித்துண்டை விற்பவனுக்கு உரிய இக்காவல், முழு வழக்கையும் பிறர் கையில் ஒப்படைப்பவனுக்கும் ஒவ்வொரு படியிலும் உரியதாதல் வேண்டுமன்றோ?

நாளொன்றுக்குப் பல வழக்குகளிற் தோன்றும் சட்டத்தரணிக்கு இதற்கு நேரமேது என்பர் சிலர். நேரமின்மை மெய்யே. ஆயினும் விளக்கப்படாத இணக்கம் பின்னர் மறுக்கப்பட்டு மீண்டும் வழக்காகுமிடத்து வீணாகும் காலம் அதனினும் பெரிது. கட்சிக்காரனுக்கு எல்லாவற்றையும் உரைத்தால் நீதிமன்றத்துக்கும் அவனுக்குமான இரு கடமைகள் முரணும் என்பர் வேறு சிலர். காந்தியடிகளின் தென்னாபிரிக்க அனுபவம் இதற்கு விடை தரும். நடுவர் தீர்ப்பிற் கணக்குப் பிழையொன்று அவர் கட்சிக்காரருக்கு நயமாக அமைந்தது. அதனை ஒப்புக்கொள்ளலாகாதென மூத்த வழக்கறிஞர் தடுத்தார். காந்தியடிகள் கட்சிக்காரர் முன்னிலையிலேயே பிழையையும் அதனை வெளிப்படுத்துவதால் நேரக்கூடிய இழப்பையும் எடுத்துரைத்தார். தோற்பினும் தோற்போம் என அவர் இசைந்தார். உண்மை உரைக்கப்பட்டது; வழக்கும் வென்றது. இரு கடமைகளையும் இணைத்த பாலம் விளக்கமே. கட்சிக்காரனை அறியாமையில் வைத்து அவனுக்கு நன்மை செய்ய முயல்வோர் அவனுடைய தேர்வுரிமையைப் பறித்துவிடுகின்றனர்.

ஆகவே 1988ஆம் ஆண்டு விதிகளை மதிப்பிடுவோர், அவை தொழிலின் மானத்தை எவ்வளவு காத்தன என்பதோடு அமைதல் போதாது. ஒப்பமிட்ட கைக்குரியவன் தான் ஒப்பமிட்டது யாதென அறிந்தானா என வினவுதல் வேண்டும். ஆரூரர் அவைக்கு அடங்கியது ஓலை அவர் செவி கேட்க வாசிக்கப்பட்ட பின்னரே. மடவளையிலிருந்து கண்டி நீதிமன்றப் படியேறும் எளியவனுக்கும் அவ்வளவேனும் உரியது.