அன்னபூர்ணா: இறங்கி வந்தபின் ஆறாத புண்கள்

மலையேற்ற நூல்களைப் படிப்போரில் பலர், வீரர்கள் சிகரத்தைத் தொட்டதும் நூலை மூடிவிடுவர். மோரிஸ் எர்சோக் 1951இல் வெளியிட்ட ‘அன்னபூர்ணா’வை அவ்வாறு மூடிவிடக் கூடாது. அறிவியல் மாணவருக்குரிய பாடம், அவர்கள் இறங்கத் தொடங்கிய பிறகே வருகிறது.

1950 ஜூன் 3ஆம் நாள் எர்சோக்கும் லூயி லாஷ்னாலும் நேபாளத்திலுள்ள 8,091 மீட்டர் உயரமான அச்சிகரத்தை, ஆக்சிஜன் உருளையின்றி அடைந்தனர். இறங்கும்போது எர்சோக் தம் கையுறைகளை இழந்தார். இருவரையும் பனிக்கடி தாக்கியது. இருவரும் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தனர்; எர்சோக் கைவிரல்களின் பெரும்பகுதியையும் இழந்தார்.

இவ்விழப்பை நூல் வெற்றிக்குத் தந்த விலையாகவே காட்டுகிறது. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இது நிறைவளிக்கவில்லை. குளிர் மட்டுமா காரணம்? அவ்வுயரத்திலும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தமோ கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே இரத்தத்தில் சேரும் ஆக்சிஜன் குறைகிறது. சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடித்து, விரல்நுனிகளில் மெதுவாக ஓடுகிறது.

புண் ஆறவும் ஆக்சிஜன் வேண்டும். வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல அதைப் பயன்படுத்துகின்றன. புண்ணை மூடும் கொலாஜன் நார் உறுதிபெறவும் அது தேவை. 1985இல் அமெரிக்காவில் ஓர் அழுத்த அறையில், எவரெஸ்ட் ஏறுவதுபோல் 40 நாட்கள் காற்றழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சோதித்தனர். அதில் தங்கியோரின் டி-செல்கள் திறன் குன்றின. எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி-செல்கள் அவ்வாறு குன்றவில்லை.

அப்படியானால் கீழே வந்ததும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆக்சிஜன் உடனே கிடைக்கிறது. இரத்தம் பழைய நிலைக்கு வரச் சில வாரங்களாகும். இறந்த திசுவோ மீளாது. அதற்கு இரத்தம் செல்லாததால் வெள்ளணுக்களும் செல்லா. பருவமழையின் ஈரத்திலும் வெப்பத்திலும் சுமந்து வரப்பட்ட எர்சோக்கின் புண்கள் சீழ்பிடித்ததும், மருத்துவர் ழாக் ஊடோ வழியிலேயே விரல்களை வெட்டியெடுக்க நேர்ந்ததும் இதனால்தான். இப்பகுதியை எர்சோக் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். நூலின் உயர்ந்த பக்கங்கள் இவையே.

ஒன்றை மட்டும் இளைஞர் நம்பிவிடக் கூடாது. உணர்விழந்த கால்களைத் தோழர்கள் தேய்த்தும் கயிற்றால் அடித்தும் உயிரூட்ட முயன்றதை நூல் பரிவுடன் விவரிக்கிறது. அன்று அதுவே வழக்கம். அவர்களைக் குறைகூற இயலாது. ஆனால் உறைந்த திசுவைத் தேய்த்தால் சிதைவே மிகும் என்பது இன்று தெளிவு. மீண்டும் உறையாது என்ற உறுதி இருந்தால், 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அமிழ்த்துவதே முறை. எர்சோக் குழுவினருக்கோ அவ்வுறுதி இல்லை. மறுநாள் இரவைப் பனிப்பிளவு ஒன்றில் கழித்தனர்.

மன உறுதியைப் போற்ற இந்நூலைப் படியுங்கள். விரல்களைக் காக்க மன உறுதி மட்டும் போதாது என்பதை அறியவும் படியுங்கள்.