தேனும் புறங்கையும்

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்று கேட்பது நம் வழக்கம். மீர் துராப் அலி கான் என்ற முதலாம் சாலார் ஜங் 1853-இல் நிஜாம் ஆண்ட ஹைதராபாத்தின் திவானாகப் பொறுப்பேற்றபோது, அங்கே நக்குவது குற்றமே அல்ல, அதுதான் ஏற்பாடு. நிலவரி வசூல் குத்தகைக்காரர்கள் கையில் இருந்தது. தாலுக்தார் அரசுக்கு ஒரு தொகையை ஒப்புக்கொள்வார். அதற்கு மேல் குடியானவனிடம் கறந்ததெல்லாம் அவருக்கே. கஜானாவோ கடனில் கிடந்தது. புதிய திவானுக்கு வயது 24.

அவர் நேர்மையைப் பற்றி உபதேசம் செய்யவில்லை என்பதுதான் முதலில் ரசிக்க வேண்டியது. குத்தகையைப் படிப்படியாக ஒழித்து, மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார். இனி எவ்வளவு கூடுதலாக வசூலித்தாலும் அது வசூலித்தவருடைய வருமானம் ஆகாது. நல்லவர்களைத் தேடி அலையாமல், சாதாரண மனிதனும் ஒழுங்காக இருக்கும்படி இடத்தைத் திருத்தி அமைத்த சாமர்த்தியம் இது. பதவி வேறு, பதவியில் இருப்பவரின் சொத்து வேறு என்ற பிரிவினையே நவீன நிர்வாகத்தின் அடையாளங்களில் ஒன்று என்று பின்னாளில் விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர். அவர் பிறந்த 1864-ஆம் ஆண்டில்தான் ஹைதராபாத்தில் வருவாய் வாரியம் அமைந்தது.

அடுத்த ஆண்டு ஜில்லாபந்தி வந்தது. ராஜ்யம் சுபாக்களாகவும் ஜில்லாக்களாகவும் தாலுகாக்களாகவும் பிரிந்தது. ஜில்லாவின் தலைவர் அவ்வல் தாலுக்தார், பெயர் பழையது, ஆள் சம்பளக்காரர்; அவருக்குக் கீழே தோம், சோம்; அதாவது முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர். பிறகு தாசில்தார். நீளநீளமான பட்டங்களில் திளைத்த ஒரு தர்பாரின் நிழலில், வெறும் எண்களால் ஆன இந்த வரிசையின் எளிமையைப் பாருங்கள். ஆணை இறங்கவும் கணக்கு ஏறவும் ஒரே ஏணி. பிரெஞ்சுச் சுரங்க நிர்வாகி ஆன்றி ஃபயோல் இதையே ஒரு கோட்பாடாக வகுத்து வெளியிட்டது 1916-இல்.

1868-இல் நான்கு சதர்-உல்-மிஹாம்கள், அதாவது அமைச்சர்களைப் போன்றவர்கள், நியமனம் ஆனார்கள். நீதிக்கு ஒருவர், வருவாய்க்கு ஒருவர், காவலுக்கு ஒருவர். நான்காமவருக்கு 'இதர' துறைகள். வகை பிரிப்பவர்கள் பெரும்பாலும் எதையும் மிச்சம் வைக்காததுபோல் காட்டிக்கொள்வார்கள். இங்கே மிச்சத்துக்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார் திவான். கல்வியும் பொதுப்பணியும் அந்த மிச்சத்தில்தான் அடங்கின. இன்று அவை ஒவ்வொன்றும் தனி சாம்ராஜ்யம்.

ஆனால் உச்சமான நயம், எதையும் இடிக்காமலே அவர் கட்டியதில் இருக்கிறது. பழைய பிரபுக்களின் மரியாதைக்குக் குறைவில்லை. அரசுப் பதிவேடுகளை வைத்திருந்த பரம்பரை தஃப்தர்தார்களும் தங்கள் இடத்திலேயே இருந்தார்கள். வேலை மட்டும் அவர்களிடமிருந்து மெல்ல நழுவிப் புதிய அலுவலகங்களுக்குப் போனது. அரசு மொழியாகப் பாரசீகமே தொடர்ந்தது. உருது அந்த இடத்துக்கு வந்தது அவர் மறைந்த பிறகு, 1884-இல். புதிய துறைகளை நடத்த சையத் ஹுசைன் பில்கிராமி, மொஹ்சின்-உல்-முல்க் போன்ற படிப்பாளிகளை வட இந்தியாவிலிருந்து வரவழைத்தார். பிறப்பைவிடத் தகுதி பெரிது என்பது ஏட்டில் இனிக்கும் கொள்கை. ஊரில் அது 'முல்கி' (உள்ளூர்க்காரர்), 'முல்கி அல்லாதவர்' என்ற கசப்பாக விளைந்து அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

இந்த ஒழுங்கு எட்டாத நிலமும் ஏராளம். பிரபுக்களுக்கு மானியமாக விட்ட ஜாகீர்கள், பாய்கா குடும்பத்தாரின் நிலங்கள், நிஜாமின் சொந்தச் சொத்தான சர்ஃப்-இ-காஸ் எல்லாம் வெளியே நின்றன. உள்ளே இருந்த ஏணிகள் எல்லாம் போய்ச் சேர்ந்த இடமும் ஒன்றே: திவான். 1869-இல் மூன்று வயதுகூட நிரம்பாத மஹபூப் அலி கான் நிஜாமானதும், திவானே ஆட்சிப் பொறுப்பாளர்களில் ஒருவரானார். ஆளை நம்பாத அமைப்பு ஒன்றை உண்டாக்கியவரை நம்பியே அந்த அமைப்பு ஓடியது.

1883 பிப்ரவரியில் காலரா அவரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு திவானான மகன் 1887-இல் பதவி இழந்தார். அதற்குப் பின்னும் திவான்கள் வந்தார்கள், போனார்கள். அவ்வல் தாலுக்தாரோ நிஜாம் ஆட்சி முடியும் வரை ஜில்லாவில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தானில்லாமலும் நடக்கும்படி ஒரு காரியத்தை அமைப்பதுதான் நிர்வாகக் கலை என்றால், சாலார் ஜங் அதில் தேறியது இறந்த பிறகுதான்.