காண்டலும் கவிதையும்

இயற்கையழகில் ஈடுபட்டார்க்கு உள்ளம் தூயதாம் என்பது பலர் கொள்கை. அஃது எத்துணை உண்மை என்பதனை ஆராய்வார்க்குக் கொரியா நாட்டவராகிய லீ சாங்-டோங் எழுதி இயக்கி 2010-ஆம் ஆண்டில் வெளிப்போந்த ‘கவிதை’ என்னும் திரைப்படம் பெருந்துணை புரிவதாம். அவ்வாண்டே கான் நகர்த் திரைவிழாவிற் சிறந்த திரைக்கதைக்குரிய பரிசு அதற்குக் கிடைத்தது.

கதை வருமாறு: மகள் வயிற்றுப் பேரனைத் தன்னோடு வைத்து வளர்க்கும் மிஜா என்னும் மூதாட்டி, கவிதை கற்பிக்கும் வகுப்பொன்றிற் சேர்கின்றாள். ஆசிரியர் ஓர் ஆப்பிளைக் காட்டி, அதனைப் பன்முறை நோக்கியும் உள்ளவாறு கண்டார் இலர் என்று அறிவுறுத்துகின்றார். அதுமுதல் அவள் மரத்தையும் மலரையும் நோக்கிக் குறிப்பெழுதுகின்றாள்; கவிதையோ பிறந்திலது. அந்நாட்களிலேயே, சொற்கள் நினைவினின்று நழுவும் மறதிநோய் தன்னைப் பற்றியதென உணர்கின்றாள். பேரன் உள்ளிட்ட சிறுவர் அறுவர் இழைத்த வன்கொடுமை பொறாது பள்ளிச் சிறுமி ஒருத்தி ஆற்றில் வீழ்ந்து உயிர்நீத்தாள் என்னும் செய்தியும் வந்தெய்துகின்றது. ஏனை ஐவரின் தந்தைமார், ஆளுக்கு 50 இலட்சம் வொன் திரட்டித் தாய்க்குக் கொடுத்து அதனை மறைக்கத் துணிகின்றனர்.

அத்தாயை இசைவிக்க மிஜா அனுப்பப்படுகின்றாள். வழியில் உதிர்ந்து கிடந்த ஆப்ரிகாட் பழங்களைக் கண்டு, அவை மறுபிறப்பின்பொருட்டுத் தம்மை மண்ணில் வீழ்த்திக்கொண்டனபோலும் என எண்ணி மகிழ்கின்றாள். வயலில் நின்ற தாயிடம் பழத்தின் சுவையையும் பருவத்தின் இனிமையையும் பேசித் திரும்புகின்றாள். சிறிது தூரம் சென்றபின்னரே வந்த கருமம் நினைவுக்கு வர, திடுக்கிடுகின்றாள். படத்தின் உயிர்நிலை ஈண்டே உளது. மறந்தது நோயாலோ, அழகின் மயக்காலோ என்று பிரித்துரைத்தல் அரிது. பழத்தின் வீழ்ச்சியை வியந்த கண், எதிர்நின்றாளின் மகள் வீழ்ந்ததைக் கண்டிலது. இத்தகைய காட்சி குறைக்காட்சியேயாம்.

பிறிதோரிடத்துச் சிறுமி வீழ்ந்த பாலத்தின்மேல் மிஜா நிற்கின்றாள். காற்று அவள் தொப்பியை ஆற்றிற் கொண்டுபோய் இடுகின்றது. பின்னர்க் கரையில் அமர்ந்து ஏட்டை விரிக்க, எழுத்தில்லாத தாளில் மழைத்துளிகள் வீழ்கின்றன. ஈண்டு இயற்கை அவளை மகிழ்விக்கவில்லை. இறந்தவள் நின்ற இடத்தில் அவளைக் கொணர்ந்து நிறுத்துகின்றது.

முடிவில், வகுப்பினருள் அவளொருத்தியே கவிதை எழுதி முடித்தவளாகின்றாள். அதனைப் படிக்கும் குரல் முன்னர் மிஜாவினது. இடையே இறந்த சிறுமியினதாக மாறுகின்றது. தன் சொல்லைப் பிறள் துயர்க்கு ஒழித்துக் கொடுத்தலே அவள் எய்திய பேறு.

பிறர் துன்பத்தைக் கவிதைக்குக் கருவாக்குதல் அறமோ எனின், விடை கதையிலேயே உளது. கவிதை ஒலிக்குமுன் பேரன் காவலரோடு செல்கின்றான். அது மிஜாவின் செயலே என்பது குறிப்பாற் பெறப்படும். அறம் முற்பட, கவிதை அதன்பின் வந்தது. குறையும் ஒன்றுண்டு: ஈன்ற தாயின் துயர் ஓரிரு காட்சிகளோடு நின்றுவிடுகின்றது. எனினும், பிணம் மிதந்துவந்த ஆற்றிலே தொடங்கி ஆற்றிலேயே முடியும் இப்படத்தைக் கண்டார், இனி ஒரு மலரை நோக்குங்காலும் அருகிருந்து அழுவார் உளரோ என ஒருகால் திரும்பி நோக்குவர். அதுவே இதன் பயன் என்க.